இல்லாதவளுக்குக் கொடுத்த தைரியம்

நான் ஒரு திருடி.

ஒரு பெண்ணின் தைரியத்தைத் திருடினேன். திருடி, உலகத்திலேயே இல்லாத இன்னொருத்திக்குக் கொடுத்தேன். அந்த இல்லாதவளைத்தான் நீங்கள் கொண்டாடினீர்கள்.

செல்வியைச் சொல்கிறேன். கைபேசியில் வாரம் ஓர் அத்தியாயமாக நீங்கள் வாசித்தீர்களே, ஒரு கால் போன பிறகும் எழுந்து நடந்தாளே, அந்தச் செல்வி. 'இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை மனவுறுதி?' என்று கேட்டு எழுதினீர்கள். நான் பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன? என் கீழ்வீட்டிலிருந்து வந்தது!

என் பெயர் தேன்மொழி. ஊர் விருதுநகர்ப் பக்கம். கொல்கத்தாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் தன் தப்பை மட்டும் இத்தனை காலம் பூசி மெழுகினாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

பெஹாலாவில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள், கணவனும் மனைவியும் மட்டும். அவரை நான் தாதா என்பேன். பயப்படாதீர்கள், இங்கே தாதா என்றால் அண்ணன்தான்! அவர் மனைவி ஷிப்ரா பௌதி. பௌதி என்றால் அண்ணி. என் பெயரில் உள்ள ழகரம் அவர் வாயில் நுழையாது. 'மொலி' என்றுதான் கூப்பிடுவார்.

நான் குடிவந்த வருடமே அது நடந்தது. மீன் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்த பௌதியை ஒரு மினிபஸ் இடித்துத் தள்ளியது. உயிர் பிழைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மருத்துவமனையிலிருந்து வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். செயற்கைக் கால் பொருத்தலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அளவெடுக்க வந்தவரைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. சோறு இறங்கவில்லை. தாதா சமையலறையில் நின்றபடி அழுவதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பௌதியின் கட்டிலருகே போய் உட்காருவேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

அப்போதுதான் செல்வி என் தலைக்குள் வந்தாள். கீழ்வீட்டில் ஒருத்தி செத்துக்கொண்டிருக்க, எனக்கு ஒரு கதாநாயகி பிறந்தாள்! சிவகாசியில் வேலை பார்க்கும் பெண், ஒரு விபத்து, ஒரு கால்... முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். முதல் திருட்டு அதுதான்.

இரண்டாவதைத் திருட்டு என்பதா, முட்டாள்தனம் என்பதா? நீங்களே சொல்லுங்கள்.

அன்று பௌதி வாயே திறக்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், 'செல்வீர் கொதா போல்போ?' என்றேன். 'செல்வியின் கதையைச் சொல்லட்டுமா?' என்று கேட்டதாகத்தான் என் நினைப்பு. கொதா என்றால் கதை. கேட்கவே அப்படித்தானே இருக்கிறது! நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வங்காளத்தில் கொதா என்றால் பேச்சு, சேதி. கதைக்கு அவர்கள் சொல்வது கொல்போ. நான் கேட்டது, 'செல்வியைப் பற்றிய சேதி சொல்லட்டுமா?'

செல்வி விபத்தில் ஒரு கால் போன பெண் என்று தொடங்கினேன். பௌதி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

எந்த ஊர் என்று கேட்டார். என் ஊர்ப் பக்கம் என்றேன். எந்தக் கால் என்றார். வலது என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா, வலிக்கு என்ன செய்தாள், முதலில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்... கேட்டுக்கொண்டே போனார். கதையில் இவ்வளவு ருசியா என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று! ஒவ்வொரு கேள்விக்கும் அங்கேயே ஒரு பதிலை உண்டாக்கிச் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வாசகி எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் காலையில் தாதா மாடிக்கு ஓடி வந்தார். ஹவுராவில் செயற்கைக் கால் செய்கிற பட்டறைக்குப் போன் போடச் சொல்லிவிட்டாளாம் ஷிப்ரா. அளவெடுக்க வரட்டுமாம். கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் தோழி செல்வி நன்றாயிருக்கட்டும்' என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோழியா?

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் விசாரித்தேன். கொதாவுக்கும் கொல்போவுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். அன்றே கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், 'பௌதி, மொழி தெரியாமல் உளறிவிட்டேன், செல்வி வெறும் கதை' என்று. ஒரே ஒரு வாக்கியம்! போனேன். பௌதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும். என்னைப் பார்த்ததும், 'செல்விக்கு அளவெடுக்கும்போது வலித்ததா?' என்று கேட்டார்.

'கொஞ்சம் வலித்ததாம்' என்றேன்.

அவ்வளவுதான். மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லக் கூடாது... நானாகத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சோறு சாப்பிடுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி பாதி என்ன தெரியுமா? அவர் கேட்கிற கேள்விகள் எனக்கு வேண்டியிருந்தன. அடுத்த அத்தியாயத்துக்கு!

கால் வந்தது. பௌதி நின்றார், நடந்தார், ஊன்றுகோலோடு வாசல்வரை போனார். அவர் கீழே ஒரு அடி வைத்தால் மாடியில் செல்வி நாலு அடி வைத்தாள். கதாநாயகி அல்லவா! நீங்கள் கைதட்டத் தட்ட அவளுக்கு வேகம் கூடியது. ஒரு வாரம் அவளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன். கைப்பிடியைத் தொடாமல், ஈரத்துணி வாளியோடு, விறுவிறுவென்று ஏறினாள். எழுதும்போது நான் காலை மடக்கி உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலையும்தான்! கீழே போய்ப் பௌதியிடமும் அதைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சத்தம் கேட்டது. வாளி உருளும் சத்தம்.

பௌதி படியின் வளைவில் கிடந்தார். சுற்றிலும் ஈரத்துணிகள். கால் கழன்று இரண்டு படி கீழே கிடந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் காயம் பிளந்து ரத்தம். தூக்கப்போன என்னைத் தடுத்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆமாம், என்னிடம்!

"செல்வி மாதிரி என்னால முடியல, மொலி. அவ வேற ரகம். நான் கோழை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் முறுக்குத் தின்ற தைரியத்தை நம்பி அந்த மனுஷி ஏறியிருக்கிறார்! வலியில்லாதவள் எழுதிய வீரத்தை வலியுள்ளவள் செய்து பார்த்திருக்கிறாள். அப்போதாவது சொன்னேனா? இல்லை. காயம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

செய்தது ஒன்றே ஒன்றுதான். செல்வியையும் விழவைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் அவள் படியில் உருண்டு, ஊரில் உள்ள அத்தனை சாமியையும் திட்டி, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். பௌதியிடம் போய், செல்வி விழுந்ததை என்னிடம் மறைத்துவிட்டாள், இப்போதுதான் சொன்னாள் என்றேன். பௌதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, 'எப்படி எழுந்தாளாம்?' என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை! என் கற்பனைப் பெட்டி காலி. 'இன்னும் எழவில்லை பௌதி' என்றேன்.

'பாவம்' என்றார் பௌதி. 'நான் எழுந்தால் அவளுக்குச் சொல்லு.'

அதற்குப் பிறகு செல்வி செய்த எதையும் நான் கற்பனை செய்யவில்லை. பௌதி செய்தார், நான் பார்த்து எழுதினேன். நீங்கள் அதிகம் கொண்டாடியதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

காயம் ஆறியதும் பௌதி படியின் வளைவில் ஒரு முக்காலி போடச் சொன்னார். பாதி ஏறுவார், உட்காருவார், பொரி தின்பார், படியை நன்றாக வைவார், மீதியை ஏறுவார். மேலே போய்ச் சேர்ந்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுவார். மறுநாளும் ஏறுவார். அந்தக் காலுக்கு ஜாமாய் என்று பெயர் வைத்தார். ஜாமாய் என்றால் மாப்பிள்ளை. மழைக்காலத்தில் வெட்டுப்பட்ட இடத்துத் தோல் ஊறி, கால் சரியாக உட்காராது. 'ஜாமாய்க்கு இன்று கோபம், மதியம் விருந்து வைத்தால்தான் வருவார்' என்று பவுடரைத் தட்டிக்கொண்டே பேசுவார். நான் மாடிக்கு ஓடிவந்து 'மாப்பிள்ளை முறுக்கு' என்று அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தீர்களே... நினைவிருக்கிறதா? 'உங்கள் நகைச்சுவை உணர்வே தனி' என்று எழுதினீர்கள். என் நகைச்சுவை உணர்வு!

இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. செல்வி என்ன செய்கிறாள் என்று பௌதி விடாமல் கேட்பார். சொல்ல என்னிடம் சரக்கு ஏது? பௌதியின் சரக்கையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். செல்வியும் படியில் முக்காலி போட்டிருக்கிறாள் என்றேன். செல்வியும் காலை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறாள் என்றேன். 'அவளுமா?' என்று பூரித்துப்போவார். நாளாக நாளாக எது முதலில் வந்தது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எல்லாமே செல்வியிடமிருந்து கற்றதாக ஆகிவிட்டது.

செல்வியோடு பேச வேண்டும் என்று ஒருமுறை அடம்பிடித்தார். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், ரொம்பக் கூச்சம் என்று சமாளித்தேன். அப்படியானால் என் குரலையாவது அனுப்பு என்று என் கைபேசியில் பேசிப் பதிவு செய்தார். 'தங்கையே, நீ எழுந்துவிட்டாய், நானும் எழுந்துவிட்டேன்' என்று தொடங்கும். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கு அனுப்புவேன்?

இப்படியே போயிருக்கும்... கிடர்பூரில் பாக்கியம் அக்காவைப் பார்க்கப் போகாதிருந்தால்.

ஹவுராப் பட்டறைக்காரர் பௌதிக்குப் போன் செய்தார். துறைமுகத்தில் வேலை செய்பவரின் மனைவி ஒருத்தி, தூத்துக்குடிக்காரி, கிடர்பூரில் இருக்கிறாள். சர்க்கரையில் கால் போய்விட்டது. புதுக் காலை வாங்கிப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். யாரோடும் பேச்சில்லை, தமிழைத் தவிர வேறு மொழியும் தெரியாது. நீங்கள் ஒருமுறை வந்து பேசினால் நல்லது, கூட அந்த மொலியையும் கூட்டிவாருங்கள் என்றாராம்.

வாடகைக் காரில் போகலாம் என்றேன். பௌதி மினிபஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். அவரை இடித்ததும் இதே தடத்தில் ஓடும் வண்டிதானே! நடத்துநர் 'ஆஸ்தே, லேடீஸ்' என்று, மெதுவாக நிறுத்தச் சொல்லி ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தார். பௌதி என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையை முதலில் ஏற்றி, பிறகு தானும் ஏறினார். முகமெல்லாம் வியர்வை. உட்கார்ந்ததும் முதல் வேலையாக, 'இதைச் செல்விக்குச் சொல்லிவிடு' என்றார்.

பாக்கியம் அக்கா ஒரு சின்ன அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பௌதி கட்டிலில் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை தூக்கி, காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 'இவர்தான் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. ரொம்ப முறுக்கு' என்றார். நான் தமிழில் சொன்னேன். பாக்கியம் அக்காவின் தோள் லேசாக அசைந்தது. சிரிப்பா, அழுகையா தெரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பௌதி பேசப் பேச நான் சொல்லிக்கொண்டே போனேன். விழுந்தது, ரத்தம், முக்காலி, பொரி. பாக்கியம் அக்கா பௌதியின் வெட்டுப்பட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இவுகளுக்குப் பயமே இல்லியாமா? எங்கேருந்து வந்துச்சாம் இம்புட்டுத் தைரியம்?"

நீங்கள் கேட்ட அதே கேள்வி! நான் வங்காளத்தில் கேட்டேன். பௌதி கையை வீசி மறுத்தார். 'ஐயோ, எனக்கா தைரியம்? நான் கோழை. எல்லாம் செல்வி கொடுத்தது. அவளைப் பற்றிச் சொல்லு இவளுக்கு' என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை... தன்னைப் பற்றி அல்ல, இல்லாத ஒருத்தியைப் பற்றி!

நான் செய்த காரியத்தின் அளவு அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. விழுந்து, அழுது, மறுபடி ஏறிச் சம்பாதித்ததை அந்த மனுஷி தன்னுடையது என்றே அறியாமல் வைத்திருக்கிறார். அறியவிடாமல் செய்தவள் நான்.

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"அக்கா, செல்வி செல்வின்னு சொல்றாங்கல்ல, அப்படி யாரும் கெடையாது. நான் கட்டுன கதை. இவங்க செஞ்சதெல்லாம் இவங்களா செஞ்சது. இவங்களுக்கே அது தெரியாது."

பௌதி பக்கத்திலேயே உட்கார்ந்து, செல்வி என்ற பெயர் காதில் விழும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பாக்கியம் அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை நாளும் அவுககிட்ட சொல்லலியா நீ?"

"இல்லக்கா."

"நீ சொல்லிரு. இல்லேன்னா பாஷை படிச்சிக்கிட்டு நானே சொல்லிருவேன்."

சொல்லிவிட்டுப் பௌதியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுக்கச் சொன்னார். என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று பௌதி பரபரத்தார். 'காலை எடுத்துத் தரச் சொல்கிறார்' என்றேன். பௌதியின் கண் நிறைந்துவிட்டது. 'பார்த்தாயா, செல்வி இவளையும் எழுப்பிவிட்டாள்' என்றார்.

அது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பாக்கியம் அக்கா நடக்கிறார். துர்கா பூஜைக்கு இரண்டு பேரும் சேர்ந்து பந்தல் பார்க்கப் போனார்கள், இரண்டு மாப்பிள்ளைகளோடு! சனிக்கிழமைதோறும் பௌதி தனியாகவே பஸ் ஏறிக் கிடர்பூர் போகிறார். மொழிபெயர்க்க நான் வேண்டாமாம். பௌதி சொல்லிக் கொடுக்க, பாக்கியம் அக்கா வங்காளம் பழகுகிறார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் இல்லை, நம்புங்கள்... நிஜமாகவே சந்தோஷம். ஆளுக்கொரு வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்த இரண்டு பேர் இன்று தெருவில் சண்டை போட்டு மீன் வாங்குகிறார்கள்.

நான்தான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், தமிழில். அன்று பாக்கியம் அக்காவிடம் சொன்னதும் தமிழில். பௌதிக்குத் தெரியாத மொழியில் எத்தனை பேரிடம் சொன்னால் என்ன? அதற்குப் பெயர் ஒப்புக்கொள்வதா?

உண்மை தெரிந்தால் அவர் மறுபடி விழுந்துவிடுவார் என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. அவர் விழமாட்டார். என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், அவ்வளவுதான். அதற்குத்தான் பயப்படுகிறேன். என்ன சுயநலம், பாருங்கள்!

நேற்றுப் பாக்கியம் அக்கா போன் செய்தார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. வங்காளத்தில் 'இல்லை' என்பதற்கு என்னவென்று கேட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும். 'நேய்' என்று சொல்லிக் கொடுத்தேன். மறைக்க மனம் வரவில்லை.

செல்வி நேய். அவருக்குத் தேவையானது அந்த இரண்டு சொல்தான்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இங்கே ஒருவரை நேய் என்றால், செத்துவிட்டார் என்றும் பொருள்! பாக்கியம் அக்கா அதைச் சொல்ல, தங்கை போய்விட்டாள் என்று பௌதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதால்? பிறக்காதவளுக்காக அந்த மனுஷி துக்கம் கொண்டாட வேண்டுமா? ஒரு சொல்லைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னொரு சொல்லால் அவரை உடைக்க நான் விடக் கூடாது. முழுதாக, நல்ல வங்காளத்தில், நான்தான் சொல்ல வேண்டும்.

இன்று சனிக்கிழமை. பௌதி கிளம்பிவிட்டார். படியடியில் நின்றுகொண்டு, 'மொலி, இந்த வாரம் செல்வி பேசினாளா? பாக்கியத்திடம் என்ன சொல்லட்டும்?' என்று கேட்கிறார்.

இதோ, இறங்கிப் போகிறேன்.